கிழித்த தாளும் கிழிக்காத நோட்டும்

1

ஒரு துண்டுத் தாளிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. அந்தத் தாள் இன்று எங்கும் இல்லை. எழுதியவர் கையாலேயே அதைக் கிழிக்க வைத்துவிட்டார்கள். ஆனாலும் வேலை பார்க்கிற இடத்தில் நம்மவர்கள் மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளும் வசவுகளைப் பற்றிப் பேச, அதைவிட நல்ல பிரதி எனக்குக் கிடைக்கவில்லை.

அம்பேத்கரின் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' நம்மில் பலர் படித்ததுதான். தன் அனுபவங்களோடு, தனக்குத் தெரிய வந்த மற்றவர்களின் அனுபவங்களையும் சேர்த்து அவர் எழுதிவைத்த சிறுநூல். அவர் காலத்தில் அது அச்சாகவில்லை. 1990இல்தான் மக்கள் கல்விக் கழகம் வெளியிட்டது. அதன் கடைசியில் ஒரு பங்கி இளைஞரின் வாக்குமூலம் வருகிறது. 1938 மார்ச் 6ஆம் தேதி பம்பாய் தாதரில், இந்துலால் யாக்னிக் தலைமையில் நடந்த பங்கிகள் கூட்டத்தில் அந்த இளைஞர் எழுந்து சொன்னது அது.

1936 பிப்ரவரி 19இல் குஜராத்தின் கேடா மாவட்டம், போர்சாத் தாலுகா மாம்லத்தார் அலுவலகத்தில் அவருக்குத் தலாத்தி வேலை கிடைத்தது. தலாத்தி என்றால் நம்மூர்க் கணக்குப்பிள்ளை மாதிரி. பம்பாயிலிருந்து ஆசையாகப் போகிறார். முதல் நாளே அலுவலகக் குமாஸ்தா 'யார் நீ' என்கிறான். ஹரிஜன் என்றதும், தள்ளி நில் என்கிறான். ஆபீசுக்கு வெளியே இருந்திருந்தால் உதைத்திருப்பேன் என்கிறான். வேலை உத்தரவையும் சான்றிதழையும் தரையில் போடச் சொல்லி, பிறகு எடுத்துக்கொள்கிறான். தண்ணீருக்குத் துருப்பிடித்த ஒரு சின்னப் பாத்திரம். அதை இவரைத் தவிர வேறு யாரும் தொடவோ கழுவவோ மாட்டார்கள். தண்ணீர் ஊற்றுகிறவன் இவர் வருவதைப் பார்த்தாலே நழுவிவிடுவான். வேலை கற்றுத்தர வேண்டிய மூத்த தலாத்தி இரண்டு மாதமாகியும் ஒன்றும் கற்றுத்தரவில்லை.

ஒருநாள் அந்த மூத்த தலாத்தி சைஜ்பூர் கிராமத்துக்கு வரச் சொல்லுகிறார். போய் வாசலில் நின்று வணக்கம் சொன்னால் தலாத்தியும் கிராமத் தலைவனும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கால் மணி நேரம் நின்று பார்த்துவிட்டு, வெறுத்துப்போய் அங்கே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறார். அவ்வளவுதான். அந்த இரண்டு பேரும் சத்தமில்லாமல் எழுந்து போய்விட, கூட்டம் கூடிவிட்டது. கூட்டத்துக்குத் தலைமை அந்த ஊர் நூலகர், நாற்காலி அவனுடையது. வெட்டிவிடுவோம் என்று கத்துகிறார்கள். கெஞ்சியும் பயனில்லை. அப்போதுதான் இவருக்கு ஒரு யோசனை வருகிறது. ஊர்ப் பணியாளிடம் ஒரு தாள் வாங்கி, எல்லோரும் படிக்கும்படி பெரிய எழுத்தில் மாம்லத்தாருக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். எழுதுவதைப் பார்த்தாலாவது கையை ஓங்க யோசிப்பார்கள் என்று நம்பிக்கை. நூலகர் படித்தான், கிழிக்கச் சொன்னான். கிழித்தார். வேலையை விட்டுவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். சாயங்காலம் ஏழு மணிக்குக் கூட்டம் கலைந்தது. பதினைந்து நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பம்பாய்க்கு, தாய் தகப்பனிடம் வந்து சேர்ந்தார்.

இதை அவலக் கதையாக மட்டும் படித்துவிட்டு உச்சுக்கொட்டிப் போகக்கூடாது. அந்தக் கடிதத்தில் என்ன இருந்தது என்று பாருங்கள். மாம்லத்தாருக்குப் பணிவான வணக்கம். இன்று எனக்குச் சாவு வந்திருக்கிறது என்ற தகவல். பெற்றோர் பேச்சைக் கேட்டிருந்தால் இந்தக் கதி வந்திருக்காது என்ற வருத்தம். என் சாவை அவர்களுக்குத் தெரிவியுங்கள் என்ற வேண்டுகோள். முடிந்தது. கொல்ல வந்தவன் பெயர் இல்லை. நாற்காலி இல்லை. வசவில் ஒரு சொல் இல்லை. உயிர் போகும் நேரத்திலும் நம்மாள் எழுதும் தாள் மேலதிகாரிக்கு வணக்கத்தோடுதான் தொடங்குகிறது; குற்றம் சொல்ல வேண்டிய இடத்தில் தன்னைத்தான் குறை சொல்லிக்கொள்கிறது.

அதே மனிதர் இரண்டு வருடம் கழித்து, தன் சனங்களுக்கு முன்னால் வாயைத் திறந்து பேசும்போது எல்லாம் வந்துவிடுகிறது. தேதி வருகிறது, ஊர்ப் பெயர் வருகிறது, எத்தனை மைல் நடந்தார் என்பது வருகிறது, யார் என்ன வார்த்தை சொன்னான் என்பது அவன் வாய்மொழியாகவே வருகிறது. ஒரே ஆள், இரண்டு பிரதி. ஒன்று மேலே இருப்பவருக்கு எழுதியது. மற்றது கூட இருப்பவர்களுக்குச் சொன்னது. முதலாவது கிழிந்தது. இரண்டாவதுதான் தப்பிப் பிழைத்து நம் கைக்கு வந்திருக்கிறது. முதலாவதை மனு என்கிறேன், இரண்டாவதைச் சாட்சியம் என்கிறேன். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் இந்தக் கட்டுரை.

2

இதை வெளியில் நின்று விமர்சிக்கும் யோக்கியதை எனக்கில்லை. ஏனென்றால் நானும் ஒரு மனு எழுதியவன். முதலில் அதைத்தான் விமர்சிக்க வேண்டும்.

1994இல் தேர்வு எழுதி, மாவட்டத் தலைநகரம் ஒன்றில் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். எங்கள் தெருவில் மேசை நாற்காலி வேலைக்குப் போன முதல் ஆள். எனக்கு வாய்த்த கண்காணிப்பாளர் முதல் வாரமே கேட்டார். "சொந்த ஊரு எது?" சொன்னேன். "ஊர்ல எந்தத் தெரு?" சொன்னேன். "ஓ..." என்றார். அந்த 'ஓ'வுக்குப் பிறகு எனக்கு மட்டும் 'நீங்க' போய் 'நீ' வந்தது. கொஞ்ச நாளில் 'டா' வந்தது. மற்ற உதவியாளர்கள் எல்லாருக்கும் 'சார்'தான். எனக்கப்புறம் வேலைக்குச் சேர்ந்த, என்னைவிட மூன்று வயது சின்னப் பையனுக்கும் 'சார்'தான்.

1996இல் எண்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். அன்றன்றைக்கு நடந்ததை வீட்டுக்குப் போய் ராத்திரியே எழுதிவைத்தேன். யார் சொல்லியும் செய்யவில்லை. சொல்ல ஆளில்லாததால் எழுதினேன். அதிலிருந்து மூன்றே மூன்று:

"12.8.1996 திங்கள். காலை 11 மணி இருக்கும். டிராஃப்ட் கொண்டுபோய் வச்சேன். படிச்சிட்டு கீழ போட்டாரு. 'என்னாடா தமிழு இது? வீட்ல பேசுற பறப்பேச்ச இங்க கொண்டாந்து எழுதி வக்கிற.' செக்ஷன்ல நாலு பேரு இருந்தாங்க. யாரும் நிமிரல. குனிஞ்சி பொறுக்கிகினு வந்தேன்."

"3.10.1996 வியாழன். நேத்து காந்தி ஜெயந்தி லீவு. ஃபைல் கட்டு பிரிஞ்சி கெடந்துது. 'உங்க தெருவுல மாடு அறுக்கிற மாதிரி அறுத்து வச்சிருக்கியேடா.' டைப்பிஸ்ட் அம்மா சிரிச்சாங்க. அப்புறம் என் மூஞ்சப் பாத்து நிறுத்திக்கினாங்க."

"21.1.1997 செவ்வாய். சீட்டு மாத்துனாங்க. எனக்கு ஃபேனுக்குக் கீழ வந்துது. மத்தியானம் வந்தவரு, 'கோட்டாப் பயலுக்கு ஃபேன் கேக்குதா? எந்திரிடா' ன்னாரு. பியூனும் பெருக்குற அக்காவும் இருந்தாங்க. ரெக்கார்ட் ரூம் பக்கத்துல போயி உக்காந்தேன்."

1997 மார்ச்சில் மனு கொடுப்பது என்று முடிவாயிற்று. சங்க அலுவலகத்தில் ஒரு மூத்த தோழர் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். நல்ல மனிதர். எனக்காக ராத்திரி பத்து மணி வரை இருந்தார். "தோழர், இப்படிக் கொச்சையா எழுதினா நம்ம கேஸ் வீக்காயிடும். கண்ணியமா இருக்கணும்" என்றார். கண்ணியமாக எழுதினோம். நோட்டில் இருந்த 'பறப்பேச்சு' மனுவில் 'எனது மொழிநடை குறித்து மனம் புண்படும்படி கூறினார்' என்று ஆயிற்று. மாடு அறுத்தது 'கோப்புகளைக் கையாளும் முறை பற்றித் தகாத விதத்தில் விமர்சித்தார்' என்று ஆயிற்று. 'கோட்டாப் பயலே, எந்திரிடா' என்பது 'இருக்கை ஒதுக்கீட்டில் பாரபட்சம் காட்டினார்' என்று ஆயிற்று. மேலே 'பெருமதிப்பிற்குரிய ஐயா'. கீழே 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள'. நடுவில் நான் எங்கே இருந்தேன்?

இப்போது இந்த மனுவை ஒரு பிரதியாக வாசித்தால் ஒன்று தெரிகிறது. இதில் குளிப்பாட்டித் துடைத்து, வெள்ளைச் சட்டை மாட்டி நிறுத்தியிருப்பது அந்தக் கண்காணிப்பாளரைத்தான். அவர் வாயிலிருந்து வந்த சாக்கடையை நாங்களே வாரிக் கொட்டிச் சுத்தம் செய்து, ஒரு கண்டிப்பான, கொஞ்சம் கோபக்கார அதிகாரியாக அவரை மேலிடத்தில் அறிமுகப்படுத்தினோம். துப்புரவு வேலையை நம் தலையில் கட்டியவர்கள், அவர்கள் வாயைத் துப்புரவு செய்யும் வேலையையும் நம்மிடமே விட்டிருக்கிறார்கள். 'தகாத வார்த்தை' என்பது வெறும் வழக்குச் சொல் கிடையாது. திட்டியவனுக்குத் திட்டு வாங்கியவன் கொடுக்கும் நற்சான்றிதழ்.

விசாரணை வந்தது. விசாரித்த அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார். "தகாத வார்த்தைன்னா என்ன வார்த்தை? மனுவுல இல்லையே." சொன்னேன். "இவ்வளவு முக்கியமான வார்த்தைய ஏன் மனுவுல எழுதல? பின்னால யோசிச்சுச் சேத்துச் சொல்றீங்களா?" என்றார். என் கண்ணியம் எனக்கு எதிராகவே சாட்சி சொல்லியது.

நோட்டு பையில்தான் இருந்தது. எடுத்து நீட்டவில்லை. "காட்டாதீங்க தோழர், திட்டம் போட்டு எழுதினான்னு சொல்லிருவாங்க" என்று சங்கத் தோழர் சொன்னது ஒரு காரணம். அது பாதிதான். இன்னொரு பாதியை இத்தனை வருடம் கழித்து இப்போதுதான் எழுதுகிறேன். அந்தச் சொற்களை என் கையெழுத்தில் எழுதி, அதற்கடியில் என் பெயரைப் போட்டு, அது கோப்பில் காலகாலத்துக்கும் இருப்பதை நினைக்க எனக்குக் கூசியது. சொன்னவனுக்கு வர வேண்டிய வெட்கம் கேட்டவனுக்கு வந்தது. சாதி வேலை செய்யும் விதமே இதுதான்.

"ரிட்டயர்டு ஆகப்போற மனுஷன், பென்ஷன்ல கை வச்ச பாவம் நமக்கெதுக்கு" என்று எல்லாரும் சேர்ந்து பேசி, சமரசக் கடிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். போட்டேன். சைஜ்பூரில் அவர் தாளைக் கிழித்தார். நான் கையெழுத்துப் போட்டேன். என்ன பெரிய வித்தியாசம்?

அந்த வருடத்து இரகசியக் குறிப்பில் என்னைப் பற்றி 'ஒத்துழைக்கும் மனப்பான்மை இல்லாதவர்' என்று எழுதினார். பாதகமான குறிப்பு என்பதால் எனக்கு நகல் வந்தது. அதில் ஒரு சொல்லைக்கூட யாரும் 'கொச்சை' என்று திருத்தவில்லை.

3

இங்கேதான் ஆவணம் என்பதைப் பற்றி நாம் பேச வேண்டும். மேலதிகாரியும் எழுதுகிறான், நாமும் எழுதுகிறோம். அவன் எழுதுவதற்கு 'சி.ஆர்.' என்று பெயர், 'மெமோ' என்று பெயர், 17(அ), 17(ஆ) என்று பெயர். அது பிறக்கும்போதே ஆவணம். நாம் எழுதுவது நிரூபிக்கப்படும் வரை குற்றச்சாட்டு. அவன் எழுதியது பதவி உயர்வை நிறுத்தும். நாம் எழுதியது டிரங்குப் பெட்டியில் தூங்கும்.

மிகப் பெரிய உதாரணம் 2018இல் நாடே பார்த்தது. மகாராஷ்டிரத்தில் கராட் என்ற ஊரில் அரசு மருந்தியல் கல்லூரி. அங்கே ஸ்டோர் கீப்பராக இருந்த தலித் ஊழியர் ஒருவரின் இரகசியக் குறிப்பில் அவருடைய நேர்மையையும் நடத்தையையும் பழித்து மேலதிகாரிகள் இரண்டு பேர் எழுதினார்கள். அவர் வன்கொடுமைச் சட்டத்தில் புகார் கொடுத்தார். அந்த இருவர் மீது வழக்கு நடத்த அனுமதி தர மறுத்த மேலிடத்து அதிகாரி மீதும் புகார் கொடுத்தார். இது உச்ச நீதிமன்றம் வரை போய், 2018 மார்ச் 20இல் வந்த தீர்ப்பு அந்த ஒரு வழக்கோடு நிற்கவில்லை. புகார் வந்தால் முதலில் பூர்வாங்க விசாரணை, கைதுக்கு முன் அனுமதி என்று சட்டத்தின் பல்லையே பிடுங்கியது. ஏப்ரல் 2 அன்று நாடு தழுவிய முழு அடைப்பு நடந்தது. வடக்கே பலர் உயிரை விட்டார்கள். அதன் பிறகுதான் அந்த ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்த்துச் சட்டத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தது. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. யோசித்துப் பாருங்கள். இத்தனைக்கும் விதை ஒரு அலுவலக அறையில், ஒரு குறிப்பேட்டில், ஒரு மேலதிகாரி எழுதிய சில வரிகள்.

சட்டம் வசவை எப்படி வாசிக்கிறது? 1989ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதற்கென்று இருந்த உட்பிரிவு 3(1)(10). 2015ஆம் ஆண்டுத் திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தபின் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) என்று இரண்டாயிற்று. ஒன்று வேண்டுமென்றே இழிவுபடுத்துவது. மற்றது சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது. இரண்டுக்கும் ஒரு நிபந்தனை: பொதுமக்கள் பார்வைக்குட்பட்ட இடத்தில் நடந்திருக்க வேண்டும்.

அந்த நிபந்தனைதான் அலுவலகத்துக்குக் கதவு. 2025 ஜனவரி 31இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கை ரத்து செய்தது. நம்ம லால்குடிப் பக்கத்து வழக்கு. வருவாய்த்துறை ஊழியர் ஒருவரை, பட்டா விஷயமாக வந்தவர் அலுவலகத்திலேயே வைத்துச் சாதி சொல்லித் திட்டினார் என்பது புகார். திட்டியவர் மேலதிகாரி இல்லை, வெளியாள். ஆனால் தீர்ப்பு நம் எல்லாரையும் தொடுகிறது. நடந்தது அறையின் நான்கு சுவருக்குள். சக ஊழியர்கள் பிறகுதான் வந்தார்கள். ஆகவே அது பொதுப் பார்வை ஆகாது என்றது நீதிமன்றம். சட்டத்தின் வாசகப்படி அப்படி ஒரு வாசிப்பு உண்டுதான். ஆனால் எந்த மேலதிகாரி தெருவில் நின்று திட்டுகிறான்? கதவைச் சாத்திவிட்டுத் திட்டுவதற்காகத்தானே அவனுக்குத் தனி அறை? போர்சாத்துக் குமாஸ்தா, வெளியே இருந்தால் உதைத்திருப்பேன் என்றான். இன்றைக்கு இருப்பவனுக்கு உள்ளேதான் வசதி.

சட்டம் பயனற்றது என்று சொல்ல வரவில்லை. சட்டத்துக்கு வேண்டியதைச் சட்டத்துக்குக் கொடுக்க வேண்டும்: தேதி, நேரம், இடம், சொன்ன சொல் சொன்னபடியே, பக்கத்தில் யார் இருந்தது, கதவு திறந்திருந்ததா. அன்றைக்கே எழுத வேண்டும். ஒரு நகல் வீட்டிலும் ஒன்று நம்பிக்கையான இன்னொருவர் கையிலும் இருக்க வேண்டும். மனு அனுப்பியதற்கு ரசீது வேண்டும். என் நோட்டில் இதில் முக்கால்வாசி இருந்தது. என் மனுவில் ஒன்றும் இல்லை. பாமரத்தனமாக எழுதிய நோட்டுதான் சட்டத்துக்கு நெருக்கமாக இருந்திருக்கிறது. 'கேஸ் வீக்காகக் கூடாது' என்று எழுதிய மனுதான் வீக்காக இருந்திருக்கிறது. இது எனக்கு வெகு காலம் உறைக்கவில்லை.

4

சரி, இலக்கியம் என்ன செய்தது? தமிழில் தலித் எழுத்து ஊரை எழுதிவிட்டது, சேரியை எழுதிவிட்டது, டீக்கடைக் குவளையையும் பள்ளிக்கூடத்தையும் எழுதிவிட்டது. அலுவலகத்தை எழுதியது குறைவு. பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தபோது, சாதி பார்க்காத இடம் என்று நம்பி உள்ளே போன கன்னியர் மடத்தில் சாதி எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதை அது சொல்லியது. நிறுவனத்துக்குள் இருந்துகொண்டு, அந்த நிறுவனத்தின் மேலிடத்தைப் பற்றி, தன் தெருவின் பேச்சிலேயே சொன்னதுதான் அதன் கலகம். 'கொச்சை' என்று அன்றைக்கு முகம் சுளித்தவர்கள், எனக்கு மனு எழுதிக் கொடுத்த தோழருக்குச் சொந்தக்காரர்கள்தான். ராஜ் கௌதமனின் 'காலச்சுமை' (2003) கல்லூரி ஆசிரியர் வாழ்க்கைக்குள் சாதியைக் காட்டுகிறது. தன்னையே பகடி செய்துகொண்டு எழுதுவதால், மனுவின் பணிவும் அதில் இல்லை, புலம்பலும் இல்லை. இந்த இரண்டும் வழி காட்டுகின்றன. ஆனால் கணக்குப் பார்த்தால் ஆயிரக்கணக்கான நம் குமாஸ்தாக்கள், வாத்தியார்கள், செவிலியர்கள், வங்கி ஊழியர்கள், கண்டக்டர்கள் ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அவர்களின் நோட்டுகள் எங்கே?

அம்பேத்கரே 1917இல் பரோடா அரசின் வேலையில் சேர்ந்தபோது, ஏவலர்கள் தீட்டுக்குப் பயந்து கோப்புகளை அவர் மேசையில் தூரத்திலிருந்து வீசினார்கள் என்று அவர் வரலாற்றை எழுதிய தனஞ்செய் கீர் சொல்கிறார். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' நூலில் அம்பேத்கர் விரித்துச் சொல்வது பரோடாவில் தங்க இடமில்லாமல் பார்சி விடுதியிலிருந்து தடிகளோடு வந்தவர்களால் துரத்தப்பட்டதைத்தான். அலுவலகத்துக்குள் நடக்கும் அவமானத்தைச் சொல்ல அவர் அந்தத் தலாத்தி இளைஞரின் குரலுக்கு இடம் கொடுத்தார். இதை நான் அவருடைய பெருந்தன்மையாகவும் வாசிக்கிறேன், அந்த இடத்தின் வலியாகவும் வாசிக்கிறேன்.

ஏன் எழுதுவதில்லை? காரணம் அந்தக் கிழிந்த தாளிலேயே இருக்கிறது: பெற்றோர் பேச்சைக் கேட்டிருந்தால். நமக்கு நேர் எதிராகச் சொன்னார்கள். 'படிச்சி ஒரு வேலைக்குப் போயிட்டா எவனும் உன்ன வாடா போடான்ன மாட்டான்' என்றார்கள். அந்த நம்பிக்கையில்தான் அம்மா களையெடுத்தாள், அப்பா மூட்டை தூக்கினார். அலுவலக வசவை எழுதினால் அவர்களின் உழைப்பைப் பொய்யாக்குவது போலிருக்கிறது. சாகும் வரை எங்க அப்பாவிடம் நான் சொன்னது ஒன்றுதான்: "ஆபீஸ்ல எல்லாரும் மரியாதயாத்தான் கீறாங்கப்பா." அவர் அதைத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பொய்க்காக நான் வெட்கப்படவில்லை. அதை நம்பி இன்னும் பத்துப் பிள்ளைகள் தயாரிப்பில்லாமல் போய் அடிபட்டார்களே, அதற்குத்தான் வருத்தப்படுகிறேன்.

5

கடைசியாக என் நோட்டையும் விமர்சிக்காமல் விட்டால் இது யோக்கியமான கட்டுரை ஆகாது.

21.1.1997 பதிவில் 'பெருக்குற அக்கா' என்று ஒரே ஒரு சொல் வருகிறது. தினக்கூலி. எங்கள் தெருவுக்குப் பக்கத்துத் தெரு. சாட்சியாகப் பெயர் போடலாமா என்று கேட்டேன். "நீ எழுதிக்க தம்பி. எம் பேர மட்டும் போட்டுறாத. மறுநாளே தொடப்பத்தப் புடுங்கிக்கினு அனுப்பிடுவான்" என்றது. நான் போடவில்லை. அது சரிதான். ஆனால் அக்காவுக்கு அந்த ஆபீசில் என்ன நடந்தது என்று நான் கேட்கவுமில்லை. எண்பது பக்க நோட்டில் அத்தனையும் எனக்கு நடந்தது மட்டுமே.

சமரசக் கடிதம் கொடுத்த சாயங்காலம், எல்லாரும் போனபிறகு தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் அக்கா என்னைக் கூப்பிட்டது. "இன்னா தம்பி, கையெழுத்துப் போட்டுட்டியாமே." தலையைக் குனிந்தேன். திட்டும் என்று நினைத்தேன். இடுப்பில் கை வைத்து, வாயை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு, கண்ணாடியை மூக்குக்கு இறக்குகிற மாதிரி விரலை வைத்து, "கோட்டாப் பயலுக்கு ஃபேன் கேக்குதா..." என்று அவர் குரலிலேயே இழுத்தது. அப்படியே இருந்தார் அந்த ஆள். அந்த 'கேக்குதா'வில் இருந்த நாராசத்தை என் நோட்டால் பிடிக்க முடிந்திருக்கவில்லை. வந்து இரண்டரை வருடத்தில் முதல் தடவையாக அந்த ஆபீசுக்குள் வாய்விட்டுச் சிரித்தேன்.

பிறகு அக்கா சொன்னது: "உன்னயாவது டான்னு கூப்புடறான். எனக்கு அதுங்கூட இல்ல. குப்பத் தொட்டிய கால்ல தட்டுவான். ணங்குன்னு. அந்தச் சத்தந்தான் தம்பி எனக்குப் பேரு. பதிமூணு வருசமா."

இதை எந்தப் பிரிவில் சேர்ப்பது? இதில் சாதிப் பெயர் இல்லை. வசவு இல்லை. ஒரு சொல்லே இல்லை. 'தகாத வார்த்தை' என்றுகூட எழுத முடியாது. விசாரணை அதிகாரி கேட்டால் 'தொட்டியைத் தட்டினாராம், அதனால் என்ன' என்பார். ஆனால் நான் வாங்கிய அத்தனை வசவையும்விட அந்த 'ணங்' பெரியது. தலித் இலக்கியம் என்று ஒன்று வேண்டியிருப்பது இந்தச் சத்தத்தை எழுதத்தான். என் நோட்டு ஒரு ஆண் குமாஸ்தாவின் நோட்டு. பேனா இருந்தவன் தன்னை எழுதிக்கொண்டான். துடைப்பம் இருந்தவளுக்கு வாய்தான் இருந்தது, அந்த வாய்க்கு என் பேனாவைவிடத் தெளிவாகச் சொல்லத் தெரிந்திருந்தது.

இன்றைக்குப் பிள்ளைகள் கையில் செல்போன் இருக்கிறது. மேலதிகாரிகளும் பேசக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். சாதிப் பெயர் சொல்வதில்லை, 'உங்க பேக்ரவுண்டு' என்கிறார்கள், 'மெரிட்' என்கிறார்கள், கூட்டத்துக்குக் கூப்பிடாமல் விட்டுவிடுகிறார்கள். போன வருடம் எங்கள் தெருப் பெண் ஒருத்தி, படித்துவிட்டு நகரத்தில் வேலை பார்க்கிறவள், என்னிடம் வந்தாள். "பெரியப்பா, ஒரு கம்ப்ளெயிண்ட் எழுதணும், கொஞ்சம் டீசண்டா எழுதிக் குடுங்க" என்றாள். டிரங்குப் பெட்டியைத் திறந்து நோட்டையும் மனுவையும் எடுத்து அவள் முன்னால் வைத்தேன். இரண்டையும் படித்தாள். வெகு நேரம் பேசவில்லை. பிறகு தன் மனுவைத் தானே எழுதினாள். அவன் சொன்னதை, சொன்னபடியே. பெயர், தேதி, நேரத்தோடு. என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள், இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் 'தகாத வார்த்தை என்றால் என்ன வார்த்தை' என்று அவளிடம் யாரும் கேட்க முடியாது.

ஓய்வு பெற்ற தோழர்களைக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பெட்டிகளைத் திறந்து பாருங்கள். நோட்டு இல்லாவிட்டால் ஞாபகத்திலிருந்து எழுதுங்கள். எழுதத் தெரியாதவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள்; அவர் குரலைத் திருத்தாதீர்கள், வேண்டாம் என்றால் பெயரை விட்டுவிடுங்கள். இதழாசிரியருக்கும் ஒரு வேண்டுகோள். மேலே என் நோட்டிலிருந்து கொடுத்திருக்கும் மூன்று பதிவுகளில் ஒரு எழுத்தையும் மாற்ற வேண்டாம். அவற்றின் கீழே என் பெயர் இருக்கட்டும். இப்போது கூசவில்லை.